ஜெனரேட்டருக்குக் கைதட்டல்

கயலாமி மண்டபத்தில் ஏழு வெள்ளைக் குதிரைகள்.
எட்டாவது பழுப்பு. அதன்மேல் நான்.

எல்லாமே கரிக்கட்டையாய்ப் பிறந்தவைதான்.
நாலு வயதில் சாம்பல் பூக்கும்,
எட்டில் வெளுத்துவிடும், துவைத்த வேட்டி மாதிரி.
இவனுக்குப் பதினொன்று. வெளுக்கவில்லை.
"எப்ப வெள்ளையாவான்?" என்று
வேலிக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் கேட்கும்.
பெரியவர்கள் கேட்பதில்லை. இந்த நாட்டில்
நிறத்தைப் பற்றிக் கேட்க இன்னும் தொண்டை அடைக்கிறது.
லாயத்தில் பழுப்பு ஒன்று இருந்தால் ராசியாம்.
ராசிக்குத் தீனி வைப்பது நான்.

பெயர் ஃபேவரி அமீலியா.
முதலில் தகப்பன், பிறகு தாய்.
லெனேஷியாவில் அப்பா கேட்டுச் சிரித்தார்:
"நம்ம இனிஷியல் அப்பனோடு நின்னுபோச்சு,
குதிரை பரவாயில்லை."

நரியைப் பரியாக்கிய கதை நமக்குத் தெரியும்.
பரியை நின்ற இடத்திலேயே ஓடவைக்க
ஆறு வருஷம் ஆகுமென்று யாரும் பாடவில்லை.
அதைச் சொல்லித்தருவது கடிவாளம் அல்ல,
என் இடுப்பெலும்பு.
மூச்சை நூலளவு பிடித்தாலே
இவனுக்குக் கேட்டுவிடும்.

லோட் ஷெடிங் எட்டு மணிக்கு என்றிருந்தார்கள்.
ஆறே முக்காலுக்கே போயிற்று,
வயலின்கள் உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து.
ஜெனரேட்டர் இருமியது, பற்றவில்லை.
இருட்டில் ஏழு வெள்ளைகளும்
உப்புக் குவியல்களாய் மங்கித் தெரிந்தன, நின்றுவிட்டன.
நாங்கள் தெரியவில்லை.

இவன் நிற்கவில்லை.
இசை போனது இவனுக்கு ஒரு பொருட்டா?
மணலில் தொம், தொம், தொம்,
ஓர் அடிகூட முன்னே போகாத ஓட்டம்.
யாரோ யாரையோ "உஷ்" என்றார்கள்.
அரங்கம் முழுக்கக் காதானது.

நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாய்.
செய்யாததிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு
பின்னங்கால்களை மடக்கி இறக்கி
முன்னங்கால்களை மார்போடு சுருட்டி
எழுந்தான்.
வெளிச்சத்தில் நாலு நொடி தாங்காதவன்.
எட்டு வரை எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை,
அவன் கழுத்து வியர்வை என் உதட்டில் கரித்தது.

குளம்புகள் மண் தொட்ட பிறகுதான்
விளக்கு வந்தது.
கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது,
ஜெனரேட்டருக்கு.
ரீனெட் வான் டொண்டர்
மைக்கில் இரண்டு மொழிகளில் மன்னிப்புக் கேட்டார்.

கோட்டுப் பையில் துழாவி
ஒரு சர்க்கரைக் கட்டி கொடுத்தேன்.
எட்டு நொடிக்கு இன்னொன்று.
மூன்றாவதற்கு என் முழங்காலை
முட்டிக்கொண்டே இருந்தான்.