மூடி திறக்காத திங்கள்

சாரெமா தீவைச் சுற்றிக் கடல் உறைந்துவிட்டது.
படகுப் பட்டறையில் அசிட்டோன் மட்டும்
டின்னுக்குள் தளும்புகிறது.
மைனஸ் தொண்ணூற்றைந்தில்தான்
அதற்குக் குளிர் தெரியும்.

ரெசின் இறுகுவதற்குள்
உருளைகளை அதில் கழுவ வேண்டும்,
லேலோவுக்கு அதுதான் வேலை.
தண்ணீரோடும் சேரும், எண்ணெயோடும் சேரும்,
யாரோடும் தங்காது.
கையுறை கிழிந்த இடத்தில் சில்லென்று தொட்டு
தோலின் நெய்யை எடுத்துக்கொண்டு போய்விடும்.
சனிக்கிழமை பூசிய நகச்சிவப்பு
திங்கள் பத்து மணிக்கு இருக்காது.
புதுப் பையன் ஒருமுறை
தெர்மோகோல் கோப்பையில் ஊற்றினான்.
கோப்பை மண்டியிட்டது.

இன்று இன்னும் யாரும் டின்னைத் திறக்கவில்லை.
ஆனாலும் அந்த வாசனை,
கனிந்து மீறிய பேரிக்காய் போல,
உர்மாஸின் பக்கத்தில்.
மூடியைத் திருகிப் பார்த்தாள். இறுக்கம்தான்.
துடைத்த துணிகள் போடும் தொட்டி, காலி.
அவன் மூன்றாவது பாட்டில் தண்ணீர்
குடித்துக்கொண்டிருந்தான், மூச்சு வாங்க.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை.

"ஊது" என்றாள்.
சாராயச் சோதனை என்று நினைத்துச்
சிரித்துக்கொண்டே ஊதினான்.

பதினேழு வருஷம் அந்த டின்னோடு இருந்தவள்
கையுறையைப் பல்லால் கழற்றி
ஆம்புலன்ஸை அழைத்தாள்.
என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

"ஆளுக்குள் கசிகிறது" என்றாள்,
வேறு சொல் கிடைக்காமல்.