துப்பாமல் ஒரு வாய்

ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை.
உறிஞ்சுவேன், நாக்கில் உருட்டுவேன், துப்புவேன்.
சக்கரம் வைத்த தொட்டியைப் பெள்ளி தள்ளிக்கொண்டு வருவான்,
நான் நகர நகர அதுவும் நகரும்
பத்தொன்பது வருஷமாய்,
குன்னூரில், பெட்ஃபோர்டுக்குக் கீழே,
வடக்குப் பார்த்த சன்னல்கள் உள்ள நீள அறையில்.

இது அதிகம் வாடவிட்ட இலை.
இது அடுப்பில் கருகியது.
இது மழையில் பறித்தது, வெந்நீர் மாதிரி.
ஒரு வாய்க்கு மூன்று நொடி.
பிறகு விலை.

கொரற்றி எங்கள் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள்.
கிறிஸ்துமஸுக்கு நாற்பது நாள் முன்னாலேயே
கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பெட்டியோடு வாங்கி
சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து
ஊறுகாய் ஜாடியில் அடைத்து
வாயை வேட்டித் துணியால் கட்டி
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.
கீழே சமவெளியில் இருபத்தொரு நாள் போதுமாம்.
இந்தக் குளிரில் அது சோம்பேறி.
ராத்திரி கம்பளி போர்த்த வேண்டியிருந்ததாம்:
"என் புருஷனுக்குக்கூட நான் செஞ்சதில்ல."

எனக்கு அதுவரை
சாராயம் என்றால் ஒரு மாமா,
பிராந்தி என்றால் பிரசவம்,
டாஸ்மாக் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிற பத்தடி.
வைன் என்ற சொல்லுக்கு என்னிடம் ஆளே இல்லை.

டீ டம்ளரில்தான் ஊற்றினாள்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்,
மூக்கை உள்ளே விட்டேன்.
தெரிந்த வேலைதானே.
சத்தமாக உறிஞ்சினேன்,
உருட்டினேன்,
திரும்பி
அவள் சமையலறைத் தொட்டியில்
துப்பினேன்.

வெள்ளை ஓட்டின்மேல் ஊதா.
கொரற்றி கரண்டியைக் கீழே வைத்தாள்.
"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

பழக்கம், என்றேன்.
சத்தியமாகப் பழக்கம்தான்.

மறுபடி ஊற்றினாள்.
ஊற்றிவிட்டுத் தொட்டியை மறைத்து
இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள்.

நாக்குவரை வருகிறவர்களோடுதான் எனக்குப் பழக்கம்.
இதை உள்ளே விட்டேன்.

முதலில் துவர்ப்பு. அது எனக்கு உறவு,
தேயிலையில் ஈறைப் பிடித்து இழுக்கிற அதே கை.
அப்புறம் ஒரு புளிப்பு,
தவிட்டுப்பழம் கடித்த பல்லுக்கு அது ஞாபகமிருந்தது.
அதற்கும் அப்புறம் வந்ததுதான் தெரியாதது.
தொண்டைக்குக் கீழே எனக்குச் சொற்கள் கிடையாது.
அங்கே யாரோ ஒருவர்
விளக்கைப் போட்டுக்கொண்டே
அறை அறையாய்ப் போனார்.

குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
ஈஸ்ட் வாடை கொஞ்சம் இருக்கு, என்றேன்.
சர்க்கரை தூக்கல்.
லிட்டர் என்ன போகும் என்று
மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.
"இது ஏலத்துக்கு வரலடி," என்றாள்,
"பேசாமக் குடி."

பேசாமல் குடித்தேன்.
ஒரே டம்ளர், ஒவ்வொரு வாயும் வேறு.
தேயிலையில் இப்படி நடந்தால்
மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவோம்.

ஏலக்காய் மென்றபடி மேடேறினேன்.
அவர் கதவைத் திறந்து
"என்ன, எங்கயாவது கேசரியா?" என்றார்.
ஆமாம், என்றேன்.

செவ்வாய்க்கிழமை.
நூற்றுப் பதினேழாவது கோப்பை,
கோத்தகிரிப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஃபாக்டரியின் தூள்,
விசேஷமாய் ஒன்றுமில்லை.
உறிஞ்சினேன், உருட்டினேன்.
பெள்ளி தொட்டியோடு நின்றான்.
இன்னும் நின்றான்.
"மேடம்?"

விழுங்கியிருந்தேன்.
தட்டையாய், சூடாய், பாவம்,
அது போய்க்கொண்டிருந்தது
விளக்கில்லாத அறைகள் வழியே.

புத்தகத்தில் நூற்றுப் பத்து என்று எழுதினேன்.
பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து
நூற்றுப் பன்னிரண்டு என்று
திருத்தினேன்.