கடிக்கிற குழாய்

மண்டபம் நண்டு கம்பெனியில்
மூணாவது குழாய் கடிக்குதாம்.
நண்டு கடிச்சிருக்கும் என்று சிரித்தார்கள்.
வெந்த நண்டு கடிக்காது என்றாள் பாக்கியசீலி.
மூன்று நாளாய்ச் செருப்போடு நின்றுதான்
கை கழுவுகிறாளாம்.

டெஸ்டரை வைத்தேன்.
பட்டப்பகலிலும் தெரிந்தது அந்தச் சிவப்பு.

பதினோரு வருஷத்துக்கு முன்
எர்த் குழி தோண்டச் சோம்பி
பச்சை வயரை இந்த இரும்பில் சுற்றிவிட்டேன்.
மண்ணுக்குள்தானே போகிறது.
முடிச்சு இன்னும் என் முடிச்சு,
இடப்பக்கம் திருகியது.

உப்பு தின்ற இடத்தை
போன ஆடியில் அறுத்தெடுத்து
இரண்டு முழம் பிளாஸ்டிக் செருகியிருக்கிறார் சவரியான்.
ஒழுகல் நின்றுவிட்டது.
அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

மோட்டாரில் கசிந்தது
மண்ணைத் தேடிக் குழாய்வரை வந்து
வழியில்லாமல் நின்றிருக்கிறது,
ஈரக்கை எதுவும் வருமா என்று.

மெயினை இறக்கினேன்.
ஐஸ் உருகுதே என்றார் முதலாளி.
எந்தப் பய கட்டினான் இதை என்றார்.
கடப்பாரை இருக்கா என்று கேட்டேன்.

இரண்டடியில் மணல் கறுத்தது.
மூன்றாவது அடியில்
ஊறி வந்தது உப்புத்தண்ணி.
இவ்வளவு பக்கத்தில்.

பாக்கியசீலி எட்டிப் பார்த்தாள்,
செருப்பைக் கழற்றாமல்.