ரசமட்டம்

ஐம்பது டன் வண்டி என்கிறார் தனசேகர்,
தூக்கப்போவது வெறும் ஆறு டன் என்கிறார்.
பிழையில்லை.
நீட்டிய கையில் ஒரு குடத்தைப்
பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் அவர்.

பதினெட்டு மீட்டருக்கு பூம் போனால்
கேபினில் ஒட்டிய அட்டவணையில்
ஐம்பது, ஏழாகிவிடுகிறது.
கொக்கியும் சங்கிலியும் சேர்த்து ஆறரை.
அந்த வரிசை மட்டும் என் விரல் பட்டு அழுக்கு.

கொண்டலாம்பட்டி, காலை பத்து மணி.
பட்டறைகளில் கொலுசுக்கு வெள்ளி தட்டும் சத்தம்.
நாலு கால்களையும் விரித்து
பலகைமேல் ஊன்றியிருந்தேன்.
இன்னும் எதையும் தூக்கவில்லை,
பூமைத் திருப்பினேன், அவ்வளவுதான்.
ரசமட்டத்தில் குமிழ்
கடுகளவு நகர்ந்தது.

பூமை மடக்கிவிட்டு இறங்கி,
இடது பின்காலருகே கடப்பாரையைப் போட்டேன்.
முதல் குத்தில் செம்மண்.
அடுத்ததில் ஓட்டுச்சில்லு.
அதற்கடுத்து
கடப்பாரை கேட்காமலே உள்ளே போனது.
முனையை முகர்ந்து பார்த்த மாதேசு
கெணறுண்ணே என்றான்.

வாடகை ஓடுது, வாடகை ஓடுது என்று
போனில் யாரிடமோ தனசேகர்.
வண்டியை எதிர்ப்பக்கம் மாற்றி
இரும்புத் தகடு போட்டுத்தான் தூக்க முடியும்,
நாளைக்கு, என்றேன்.
சாவி என் சட்டைப்பையில்.

சாயங்காலம் ஏற்காட்டுப் பக்கம் கறுத்தது.
இரவெல்லாம் மழை.

விடிந்து போய்ப் பார்த்தால்
பலகை கிடந்த இடத்தில்
ஆட்டுக்குட்டி விழுமளவு பள்ளம்,
விளிம்பில் ஒரு தவளை.
தனசேகர் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

வாடகையில் ஒரு நாளைக் கழித்துவிட்டார்கள்.