உச்சுக்கொட்டல்

கூடத்துச் சாவி என்னிடம் இருப்பதால்
பட்டறைக்கு முதலில் வந்தவன் நான்.
நாற்பது நாற்காலி, வட்டமாகப் போடச் சொன்னார்கள்.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்
வரிசையாகவே போட்டுப் பழகிய கை
வட்டத்தைக் கோழிமுட்டையாக்கி வைத்தது.

ஃபீனிக்ஸ், சனிக்கிழமை, காலை ஒன்பது மணி.
இந்தப் பக்கம் நாங்கள்.
பம்பாயியிலிருந்து வேன் ஏறி வந்தவர்கள் அந்தப் பக்கம்.
அவித்த முட்டையை யாரோ
சரிபாதியாக அறுத்து வைத்த மாதிரி.

டர்பனிலிருந்து வந்த மிஸ் பீட்டர்சன்
சுவரில் தாள் ஒட்டி எழுதினாள்:
அமைதி, பன்மை,
மூன்றாவதில் பேனா காய்ந்துபோய்
உதறிக்கொண்டே இருந்தாள்.
பதினோரு மணிக்கு சமோசா.
அதைத் தின்றால் பாதி சமாதானம் என்று
யாரோ பட்ஜெட்டில் எழுதியிருக்க வேண்டும்.

முதல் பயிற்சி சுலபமாம்.
எதிரில் இருப்பவரின் பெயரை
அவர் அம்மா கூப்பிடுவது போலச் சொல்லுங்கள்.

என் எதிரில் இருந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும்.
நீல ஸ்வெட்டர், மடியில் கைப்பை,
கைப்பை மேல் இரண்டு கையும்.
பெயரைச் சொன்னாள்.
எழுதிக்கொள்ளப் பார்த்தேன்,
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில்
ஒன்றும் முன்வரவில்லை.
செபிசிலே என்றேன்.
இல்லை.
கெபிசிலே.
அதுவும் இல்லை.
நாக்கைப் பல்லில் ஒட்டிப்
பிய்த்தெடுத்துக் காட்டினாள்.
டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்த பல்லி
எனக்கு முன்னால் சரியாகச் சொல்லிவிட்டது.
கூடமே சிரித்தது, இரண்டு பாதியும்.

அப்போதுதான் பிடிபட்டது,
இது நாங்கள் உச்சுக்கொட்டும் ஓசை.
பிள்ளை விழுந்தால், வேலை போனால்,
பக்கத்து வீட்டில் பிணம் கிடந்தால்
கதவோரம் நின்று எழுப்புவோமே,
அதே ‘ச்சு’.
அவள் பெயர் அதில்தான் தொடங்குகிறது.
அடுத்தவர் துயரத்துக்கு எழுப்புவதை எழுப்பாமல்
அவளைக் கூப்பிடவே முடியாது.

அந்த ஜூலையில்
தெருமுனையில் டயர் அடுக்கி நின்றோம்.
என் கையில் மண்வெட்டிக் காம்பு.
வந்த காரையெல்லாம் நிறுத்தினோம்.
எல்லாம் என்பது பொய்,
எங்கள் முகம் இருந்த கார்கள் கையசைத்துப் போயின.
மற்றவர்களின் லைசென்ஸில் டார்ச் அடித்தேன்.
பெயரைப் படித்தேனா?
படத்தைப் பார்த்தேன். டிக்கியைத் திற என்றேன்.
எங்கள் முனையில் அதோடு முடிந்தது.
எல்லா முனையிலும் அதோடு முடியவில்லை.
அது எனக்கு அன்றிரவே தெரியும்.

‘தவநேசன்’ என்றாள் அவள், ஒரே முயற்சியில்,
ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் விட்டு.
முப்பது வருஷம் ஷூ ஃபேக்டரியில் நான் டோனி.
பிறகு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
டிக்கியில் நாலு பால்பவுடர் டப்பா இருந்தது.
ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தது நீதானா?

தெரியவில்லை என்றேன்.
உண்மைதான், நிறைய டப்பாக்களைக் குலுக்கினோம்.
இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கலாம்,
அது இதைவிட உண்மை.
வாய் திறப்பதற்குள் மிஸ் பீட்டர்சன் கைதட்டி
ஜோடி மாறச் சொன்னாள்.

மாலையில் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக்
கையெழுத்துத் தாளைப் பார்த்தேன்.
அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு கட்டம்.
அவள் பெயருக்கு நேரே
வருவேன் என்பதிலும் டிக் இல்லை,
வரமாட்டேன் என்பதிலும் இல்லை.

இரவு, பல் விளக்கிவிட்டுக் கண்ணாடி முன்
நாக்கை ஒட்டிப் பிய்த்தேன்.
ச்சு. எபிசிலே.
ச்சு.
மறுபடி, ச்சு.
சண்டைக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கிற தமிழில்
அடுப்படியிலிருந்து சிந்தாமணி கேட்டாள்:
‘யாருக்கு என்ன ஆச்சு?’