மூன்று புள்ளி ஆறு

நான் வைத்திருக்கும் நூலகத்தில் புத்தகம் ஒன்றும் கிடையாது.
நானூற்றுச் சொச்சம் வரி நிரல்.
கிலோவை டன்னாக்கும், டன்னை ரிங்கிட்டாக்கும்,
அரைக் காசு மிஞ்சினால்
எந்தப் பக்கம் தள்ளுவதென்று சொல்லும்.

கோலா கெட்டிலில், டயர்க் கடை மாடியில்
ராத்திரி பதினொன்றுக்கு மேல் அதற்கு நான் காவல்.
சம்பளம் இல்லை.

பைத்தான் மூன்று புள்ளி ஆறுக்கென்று மட்டும்
அதில் முப்பத்தொரு ஒட்டு.
புதிதாய் ஒன்று தைக்கப் போனால் பழைய ஒட்டு பிரிகிறது.
அந்தப் பதிப்பைப் பெற்றவர்களே
கைகழுவிப் போய் நாளாயிற்று.

மாதம் அறுபதாயிரம் முறை இறக்குகிறார்கள்.
மூன்று புள்ளி ஆறிலிருந்து முப்பது.
முப்பதும் விடிகாலை நான்கு பத்துக்கு,
நாளுக்கு ஒன்று, தப்பாமல்.
யாரோ பாவம் என்று நினைப்பேன்.
அப்புறம், யாரோதானே என்றும்.

போன மாதம் ஒரு வரி சேர்த்தேன்:
'ஆதரவு விரைவில் நிறுத்தப்படும்.'
கீழே என் பெயர்.

மூன்றாம் நாள் ஆலையின் எடைமேடையிலிருந்து போன்.
கிராணி விமலேஸ்வரி, என்னோடு ஆறாம் படிவம் படித்தவள்.
"ஏண்டி, எங்க சீட்டுல உன் பேரு எதுக்கு?"

போனேன்.
லோரிகள் கேட்டுக்கு வெளியே வரை நின்றன.
எடைச்சீட்டின் அடியில், கிலோவுக்கும் விலைக்கும் கீழே
என் எச்சரிக்கை அச்சாகியிருந்தது.
மூன்று நாளாய், எல்லாச் சீட்டிலும்.
ஆங்கிலத்தை அஸ்மான் மலாயில் சொல்ல
மலாயைத் தமிழாக எடுத்துக்கொண்டு
நாலு ஏக்கர் செம்பனைக்காரர் சின்னக்கருப்பன்
சீட்டை மடிக்காமல் பிடித்தபடி கேட்டார்:
"எங்க குலைய இனிமே எடுக்க மாட்டீங்களா?
இல்ல, உரத்துக்குக் குடுக்குற காசா?
எதம்மா நிறுத்துறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நான்கு பத்தின் முகம் இதுதான்:
தூசி படிந்த ஒரு பெட்டி,
அதன்மேல் பாதி குடித்த தே ஓ.
ராத்திரியோடு தன்னை அழித்து
விடிவதற்குள் மறுபடி கட்டிக்கொள்ளும்படி
அதை எழுதிவைத்த பையன் சிங்கப்பூர் போய்விட்டான்.

"புதுசு வாங்குவாங்களா?"
"மறுநடவு முடியட்டும்னு மூணு வருசமா சொல்றாங்க."

திரும்பும் வழியில் பதினேழாம் பிளாக்.
மரத்துக்கு மரம் வெள்ளைப் பெயிண்டில் எண்.
அடுத்த மாதம் சாய்க்கிறார்கள்.
குலை இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.
கழியோடு கழி கட்டினாலும் அரிவாள் எட்டவில்லை,
அறுப்பவனுக்குக் கழுத்து போய்விடுகிறது.

அன்று ராத்திரி எச்சரிக்கையை எடுத்தேன்.
எடுக்கும்போது பழைய ஒட்டு ஒன்றில்
என் பிழையே கண்ணில் பட்டது.
மூன்று புள்ளி ஆறில் மட்டும்
அரைக் காசு எப்போதும் கீழே விழுந்திருக்கிறது.
கீழே என்றால் ஆலைப் பக்கம்.
ஐந்து வருடம்.
சின்னக்கருப்பனுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன்,
ஒரு ரொட்டி சானாய்கூட வராது.
இருந்தாலும்.

திருத்தினேன். முப்பத்திரண்டாவது ஒட்டு.
பிறகு தேதி வைத்தேன், டிசம்பர் முப்பத்தொன்று.
மறுநடவுக்குக் காத்திருக்கவில்லை,
சிங்கப்பூர்க்காரனுக்கும்.
அதன்பின் அந்தப் பெட்டி நின்றுவிடாது;
கடைசியாய்க் கிடைத்ததையே
தினமும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

இரவு ஷிஃப்டில் இருந்த விமலேஸ்வரிக்கு
இதைத் தனியாக எழுதி அனுப்பினேன்.
"சரி. அதுக்கப்புறம் ஏதாவது ஆச்சுன்னா?"

என்ன சொல்வதென்று
எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தபோது
மணி நான்கு பத்து.
முப்பதில் ஒன்று
வந்து, எடுத்துக்கொண்டு போனது.