புதன்கிழமை

அட்டை இல்லாத புத்தகம் அது.
தலவாக்கலை நகரசபை நூலகத்தில்
சித்த மருத்துவக் குறிப்புகளுக்கு நடுவே கிடந்தது.
முதல் பதினொரு பக்கமும் இல்லை.
அமெரிக்காவில் ஒரு பையன்
பன்னிரண்டாம் பக்கத்திலேயே கோபமாக இருக்கிறான்.
ஏனென்று தெரிய வழியில்லை.
எனக்குத் தெரியவும் வேண்டியிருக்கவில்லை.

கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான்.
புதன்கிழமை டியூசன் காசை
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து
ரோல்ஸாகத் தின்றுகொண்டிருக்கிறேன், நாலு மாதமாக.
'படிச்சா மலைய விட்டு எறங்கலாம்' என்பார்
யோகேந்திரன் சேர்.
அவர் இறங்கவில்லை.

பொடி மெனிக்கே வரும்.
படியில் தொங்கும் வெள்ளைக்காரர்கள்
தேயிலையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
எத்தனையோ பேரின் போனில்
ஓரமாக, மங்கலாக, நான் இருப்பேன்.
ஒருவரும் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புத்தகத்தில் ஓரிடத்தில் மட்டும்
யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்:
'எனக்கும்.'
எது என்று புரியவில்லை.
அந்தப் பக்கத்தில் அவன்
சும்மா நடந்து போகிறான், குளிரில்.

நேற்று,
கிளினிக் என்று சொல்லி
ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்த அம்மா
பஸ் நிலையத்துக்கு எதிரே, கூல் பாரில்,
கண்ணாடிக்குப் பின்னால்
தனியாக உட்கார்ந்து
பலூடா குடித்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு காலை மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள்.
நீளக் கரண்டியால்
அடியில் தங்கிய கசகசாவைத்
தோண்டித் தோண்டி.
எதையும் பங்கு வைக்கவில்லை.
யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.
இளஞ்சிவப்பாய் இருந்தது மேலுதடு.

பெயர் ஜெயராணி என்று
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கூப்பிட வாயெடுத்தேன்.
கூப்பிட்டால்
அம்மாவாகிவிடுவாள்.
மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால்
மழை விட்ட பிறகும் நின்றேன்.

ராத்திரி காம்பராவில்
'கிளாஸ் நடந்துச்சா?'
'ம்.'
'ஒனக்கு டொக்டர் என்ன சொன்னாரு?'
'பிரசர் கொஞ்சம் கூடவாம்.'
அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்,
சிங்களமும் இரைச்சலும் மாறி மாறி.

முதல் ரொட்டி எப்போதும் கருகும்.
அதை அவள்தான் தின்பாள்.
நேற்று நான் கை நீட்டி எடுத்துக்கொண்டேன்.

'என்ன புதுசா?' என்று நிமிர்ந்தவள்
என் சட்டைப் பையைப் பார்த்தாள்.
ரோல்ஸ் சுற்றிய தாள்
எண்ணெய் ஊறி
வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

அடுப்பைப் பார்த்துத் திரும்பி
இன்னொரு ரொட்டியைத் தட்டினாள்.